நெற்றியில் குத்திய எழுத்து



1825 ஏப்ரலில் சுமத்ராவின் பெங்கூலனிலிருந்து ஒரு கப்பல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. அதில் 80 கைதிகள் இருந்தார்கள். மதராஸ் மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள். ஒரு வாரம் கழித்து வங்காளத்துக் கைதிகள் 122 பேர் வந்தார்கள். ஆயுள் தண்டனை பெற்று நாடு கடந்தவர்களின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. 1849இல்தான் அது கைவிடப்பட்டது. தலைப்பாகையை இறக்கிக் கட்டியும், முடியை வளர்த்து முன்னால் விட்டும் அந்த எழுத்தை மறைத்துக்கொண்டவர்கள் உண்டு.

இந்த இதழில் குற்ற உளவியலுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். குற்றம் நடந்த இடத்தைப் பார்த்து, செய்தவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று வல்லுநர்கள் கணிக்கும் முறை பற்றி ஒரு கட்டுரை. குற்றத்துக்கு மூளையிலும் மரபணுவிலும் காரணம் தேடும் ஆராய்ச்சி பற்றி இன்னொன்று. தொலைக்காட்சித் தொடர்கள் இந்தத் துறையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டன. குற்றம் இரத்தத்தில் ஓடுமா என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நாம் இந்தக் கேள்வியைத் தூர நின்று கேட்க முடியாது. இருநூறு ஆண்டுகளாக அது நம் மக்களைப் பார்த்துக் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்தில் கொஞ்சம் விரிவாகவே பேச விரும்புகிறேன்.

அந்தக் கைதிகள் இங்கே என்ன ஆனார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காடு வெட்டினார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், சாலை போட்டார்கள். சிராங்கூன் சாலைப் பகுதியில் அரசாங்கச் செங்கல் சூளை நடத்தினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கட்டியது. 1861இல் அங்கே முதல் வழிபாடு நடந்தது. அதன் உட்சுவருக்குச் சங்குச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை மூன்றையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்து, மதராஸ் பாணியில் சாந்து பூசினார்கள். இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவும் 1867 முதல் 1869 வரை அவர்கள் கைவண்ணத்தில் எழுந்ததுதான்.

பிராஸ் பசாவில் இருந்த சிறை அந்தக் காலத்துக்கு விசித்திரமானது. கைதிகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். புதிதாக வந்தவர் சங்கிலியோடு சாலை வேலைக்குப் போவார். நன்னடத்தையைப் பார்த்துச் சங்கிலி கழலும், வகுப்பு உயரும், தச்சும் கொல்லும் கொத்தும் கற்கலாம். மேல் வகுப்புக்கு வந்தவர்களே மற்றவர்களுக்குக் காவலர்கள். அந்தச் சிறையை நிர்வகித்த ஜே. எஃப். ஏ. மெக்நேர் பின்னாளில், 1899இல், அதைப் பற்றி நூலே எழுதினார். கைதிகளே தங்கள் காவலர்களாக இருந்ததைத்தான் அதன் தலைப்பும் சொல்கிறது. நெற்றியில் கொலைகாரன் என்று எழுதப்பட்ட ஒருவர் கையில் காவல் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஏற்பாடு நிலைத்தது. 1873இல் கைதிக் குடியிருப்பு மூடப்பட்டபோது தண்டனை முடியாத பலர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். விடுதலை பெற்றவர்களில் பலர் இங்கேயே தங்கி ஊரோடு ஊராகக் கலந்துவிட்டார்கள். அந்த ஆட்சியின் கொடுமைகளை நான் மறைக்கவில்லை. கூலியில்லா உழைப்புக்காகத்தான் அவர்களைக் கொண்டுவந்தார்கள். ஆனால் பழகினால், பொறுப்புக் கொடுத்தால் மனிதர் மாறுவார் என்ற எண்ணம் அந்தச் சிறைக்குள் இருந்தது.

அதே பேரரசு, அதே காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் வேறொன்றை நம்பத் தொடங்கியிருந்தது. 1871இல் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. தச்சன் மகன் தச்சனாவது போலக் குற்றத்தையே குலத்தொழிலாகக் கொண்ட சாதிகள் உண்டு என்பது அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களின் வாதம். 1911இல் சட்டம் மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்தில் அதை ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். பதிவு செய்யப்பட்ட சமூகத்து ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். இரவில் குறித்த இடத்தில் வந்து படுக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். எந்தக் குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை. பிறந்திருந்தால் போதும்.

உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். மக்கள் ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அந்தச் சட்டத்துக்கு ஆளான கள்ளர் மக்களுக்காக வாதாடினார். முத்துராமலிங்கத் தேவர் அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். 1947இல் மதராஸ் மாகாணத்திலும், 1952 ஆகஸ்ட் 31இல் இந்தியா முழுவதிலும் அந்தச் சட்டம் போனது. நம்மில் எத்தனையோ குடும்பங்களின் வேர் அந்த மாவட்டங்களில் இருக்கிறது. உங்கள் தாத்தாவின் தகப்பனார் இரவில் எங்கே படுத்து உறங்கினார் என்று ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்த நம்பிக்கைக்கு அறிவியல் சாயம் பூசியவர்களில் முதல்வர் இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ. தெற்கு இத்தாலியைச் சேர்ந்த வில்லெல்லா என்ற ஏழைத் திருடன் இறந்தபின் அவனது மண்டையோட்டைத் திறந்து பார்த்தார். பின்புறத்தில் ஒரு குழி இருந்தது. விலங்குகளிடம் காணும் அமைப்பு இது, குற்றவாளி பரிணாமத்தில் பின்தங்கிப் பிறந்தவன் என்று முடிவுகட்டி 1876இல் நூல் வெளியிட்டார். பெரிய தாடை, நீண்ட கை, ஒட்டிய காது என்று அடையாளப் பட்டியல் வளர்ந்தது. சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் சாதி சாதியாக மூக்கையும் மண்டையையும் அளந்துகொண்டிருந்ததும் இதை அடுத்த காலம்தான். ஆங்கில மருத்துவர் சார்லஸ் கோரிங் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, மாணவர்களோடும் சிப்பாய்களோடும் ஒப்பிட்டு, குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு இல்லை என்று 1913இல் நிறுவினார்.

ஆனால் எண்ணம் அடங்கவில்லை. 1965இல் ஸ்காட்லாந்தின் பாதுகாப்பு மனநல மருத்துவமனை ஒன்றில், கூடுதலாக ஒரு ஒய் குரோமோசோம் உள்ள ஆண்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதாக ஆய்வு வந்தது. உடனே கொலைக் குரோமோசோம் என்று பத்திரிகைகள் எழுதின. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் அதில் முன்னால் நின்றார்கள் என்பது எனக்கு வருத்தம். 1976இல் வெளியான ஆய்வு ஒன்றில், கோபன்ஹேகனில் உயரமான ஆண்கள் 4,139 பேரைப் பரிசோதித்ததில் 12 பேருக்குத்தான் அந்தக் குரோமோசோம் இருந்தது. அவர்கள் வன்முறையாளர்களாக இல்லை. சிலர் சிறு திருட்டுகளில் சிக்கியிருந்தார்கள்.

அப்படியானால் உடலுக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. அதை மறைப்பது வாசகர்களுக்கு நான் செய்யும் துரோகம். 2002இல் நியூசிலாந்தின் டனீடன் நகர ஆய்வு வெளியானது. பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட பிள்ளைகளில், மூளையின் சில வேதிப்பொருள்களைச் சிதைக்கும் ஒரு நொதி மந்தமாக இருந்த ஆண்பிள்ளைகளைத் தனியே பார்த்தார்கள். அந்த மரபணு வகையோடு சிறுவயதில் அடியும் புறக்கணிப்பும் சேர்ந்தவர்களிடம் வளர்ந்தபின் வன்முறை கூடுதலாக இருந்தது. அதே மரபணுவோடு அன்பான வீட்டில் வளர்ந்தவர்கள் மற்ற பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள். இரத்தம் மட்டும் போதவில்லை, அடித்த கையும் வேண்டியிருந்தது.

அதே கேள்வி நம் வாசலுக்கே வந்த நாள் 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், கடை வைத்திருப்பவர்களுக்கும் வார இறுதியில் அங்கே போகும் நம் எல்லாருக்கும் அந்தத் தேதி மறக்காது. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில் 33 வயதுத் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். கூட்டம் கொந்தளித்தது. அவசரகால வாகனங்கள் 23 சேதமடைந்தன, ஐந்து எரிந்தன. 1969க்குப் பிறகு சிங்கப்பூர் கண்ட முதல் கலவரம் அது. 25 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் அறிக்கை தந்தது. விபத்தையும் மீட்புப் பணியையும் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டது, கூட்டத்தின் நடத்தையில் இருந்த சில பண்பாட்டு உளவியல் கூறுகள், குடிபோதை ஆகிய மூன்றையும் குழு காரணங்களாகச் சொன்னது. இங்கே வாழும் நிலை மீதான மனக்குறை கலவரத்துக்குக் காரணமல்ல என்றும் முடிவுசெய்தது. குழு பொறுப்போடு, பல நாள் சாட்சியம் கேட்டு எழுதிய அறிக்கை அது. மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்ததும், லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களானதும் அதைத் தொடர்ந்துதான்.

அந்த இரண்டாவது காரணம்தான் எனக்கு உறுத்துகிறது. அறிக்கையில் அளந்து சொல்லப்பட்டது, வெளியே பேச்சில் அளவில்லாமல் ஆனது. இவர்கள் இப்படித்தான், ஊரிலும் இப்படித்தான் செய்வார்கள் என்று அலுவலகங்களிலும் உணவங்காடிகளிலும் பேசினார்கள். தமிழர்களும் பேசினார்கள். நாம் அவர்களைப் போல இல்லை என்று காட்டிக்கொள்ள நம்மில் சிலருக்கு இருந்த அவசரம் இன்றும் என்னை வருத்துகிறது. ஞாயிறுதோறும் தேக்காவில் பல்லாயிரம் ஊழியர்கள் கூடினார்கள். அன்று கலவரத்தில் இறங்கியவர்கள் சில நூறு பேர். அதற்கு முந்தைய ஞாயிறும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் ஞாயிறுகளும் அதே மக்கள், அதே பண்பாடு, அதே மது. பண்பாடுதான் கல்லை எடுத்ததென்றால் மற்றப் பல்லாயிரம் பேரின் கை ஏன் சும்மா இருந்தது? கட்டம்போட்ட சட்டையில் ஒருவர் கலவரக்காரர்கள் முன் நின்று, வாகனத்தைத் தாக்க விடாமல் தடுத்த காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவரும் அதே கூட்டத்தில் நின்றவர்தான்.

குற்றவாளிக் கணிப்பு என்ற கலையின் நல்ல பயனும் ஆபத்தும் இங்கேதான் பிரிகின்றன. நல்ல கணிப்பு நடந்த செயலிலிருந்து தொடங்கும். எந்த நேரம், எந்த இடம், எதைத் தொட்டான், எதைத் தொடவில்லை, எவ்வளவு தூரம் நடந்திருப்பான் என்று கேட்டு ஆயிரம் பேரைப் பத்துப் பேராகக் குறைக்கும். லண்டனில் ரயில் நிலையங்களை ஒட்டித் தொடர்ந்து பெண்களைத் தாக்கிய ஒருவனைத் தேடியபோது, உளவியல் பேராசிரியர் டேவிட் கேன்டர் 1986இல் தாக்குதல்கள் நடந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, அவன் எங்கே குடியிருப்பான் என்று சொன்னார். பிடிபட்ட ஜான் டஃபி அதே பகுதியில்தான் இருந்தான். இங்கே உள்துறைக் குழுவின் நடத்தை அறிவியல் நிலையத்திலும் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் இருக்கிறார்கள்.

கெட்ட கணிப்பு ஆளின் சாயலிலிருந்து தொடங்கும். 1992இல் லண்டனின் விம்பிள்டன் பசும்வெளியில் ஓர் இளம் தாய் கொல்லப்பட்டார். உளவியலாளர் தந்த சித்திரத்துக்கு, நாயோடு அங்கே உலாவப் போகும் தனிமையான ஒருவர் பொருந்துவதாகக் காவல்துறைக்குத் தோன்றியது. பெண் காவலர் ஒருவரை மாறுவேடத்தில் பழகவிட்டு, மாதக்கணக்கில் அவரிடம் ஒப்புதல் வாக்குமூலம் வாங்கப் பார்த்தார்கள். 1994இல் நீதிபதி வழக்கைத் தூக்கி எறிந்தார். உண்மைக் கொலையாளி வேறொருவன் என்பது 2008இல்தான் நீதிமன்றத்தில் உறுதியானது. காவல்துறை அந்த அப்பாவியையே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1993இல், அவன் இன்னொரு பெண்ணையும் அவளது நான்கு வயது மகளையும் கொன்றிருந்தான். தவறான ஆளை உற்றுப் பார்ப்பதன் விலையை அந்தக் குழந்தையும் கொடுத்தது.

நம் சட்டத்துக்குள்ளும் உடலைப் பற்றிய கேள்வி வந்து நிற்கிறது. போதைப்பொருள் கடத்தலில் வெறுமனே எடுத்துச் செல்பவராக இருந்து, மனநிலைப் பிறழ்வால் செயலுக்கான மனப்பொறுப்பு வெகுவாகக் குறைந்திருந்தால், மரண தண்டனைக்குப் பதில் ஆயுள் தண்டனை என்று போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. 2009இல் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் 42.72 கிராம் ஹெராயினோடு பிடிபட்ட மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் அந்தப் பிரிவின்கீழ் மன்றாடினார். அவரது நுண்ணறிவு எண் 69 என்று ஓர் அளவீடு சொன்னது. செய்வதன் பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது, அவர் அறிவுசார் குறைபாடு உள்ளவர் அல்லர் என்று நீதிமன்றங்கள் முடிவுசெய்தன. 2022 ஏப்ரல் 27 அன்று தண்டனை நிறைவேறியது. சட்டம் தன் வேலையைச் செய்தது என்போரும், ஓர் எண்ணுக்கு மேலேயும் கீழேயும் உயிரை வைக்க முடியுமா என்போரும் நம் வாசகர்களில் உண்டு. எனக்கு நாகேந்திரனுடைய தாயின் முகம்தான் முதலில் வருகிறது. மனித மூளையைப் பற்றி இன்னும் பெருமளவு அறியாத நிலையில், திருத்த முடியாத தண்டனை என்னை அச்சுறுத்துகிறது. இதை இந்தப் பக்கத்தின் கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

உடலைப் பற்றிய இந்த அறிவை முத்திரை குத்தவும் பயன்படுத்தலாம், சோறு போடவும் பயன்படுத்தலாம். இரண்டாவதற்கு நம்மவர் வாழும் இன்னொரு தீவு சான்று. மொரிஷியசில் வாக்குவா, காத்ர் போர்ன் என்ற இரு ஊர்களின் மூன்று வயதுக் குழந்தைகள் 1,795 பேரை 1972 முதல் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். இந்திய வம்சாவளியினர் நிறைந்த, தமிழ்க் கோயில்கள் உள்ள தீவு அது. குழந்தைகளில் ஒரு சிறு குழுவுக்கு மட்டும் ஈராண்டுகள் நல்ல உணவு, விளையாட்டு, உடற்பயிற்சி, அன்பான ஆசிரியர்கள் உள்ள பாலர் பள்ளி என்று கூடுதல் கவனிப்புக் கொடுத்தார்கள். அவர்களுக்கு 23 வயதானபோது, மற்றவர்களோடு ஒப்பிட, குற்றச்செயல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மூன்று வயதில் சத்துக்குறைவோடு இருந்த பிள்ளைகளுக்கு நன்மை இன்னும் அதிகம்.

அந்த ஆய்வில் பங்கேற்ற ஏட்ரியன் ரெய்ன் சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூர் ஆய்வாளர்களோடு சேர்ந்து இங்கேயே ஒரு சோதனை நடத்தினார். இளங்குற்றவாளிகளான பையன்கள் 324 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 சத்தையும், இன்னொரு பிரிவுக்கு அது இல்லாத போலியையும் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். ஒமேகா-3 எடுத்தவர்களிடம் சட்டென்று பொங்கும் ஆத்திரம் உள்ளிட்ட சில அளவீடுகளில் முன்னேற்றம் தெரிந்தது. மீன் குழம்பு திருட்டை ஒழித்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சிறுவர் இல்லத்துக்கு வந்துசேர்ந்த பையனின் மூளையும் வளரும் உறுப்புத்தான், அதற்கும் தீனி வேண்டும் என்று கருதிய ஆய்வு நம் ஊரில் நடந்தது எனக்குப் பெருமை.

சிங்கப்பூரில் சிறையிலிருந்து வெளிவந்து ஈராண்டுக்குள் மீண்டும் உள்ளே போவோர் 1990களின் பிற்பகுதியில் 100க்கு 40க்கும் மேல் இருந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது 20ஐ ஒட்டி இறங்கியிருக்கிறது. 2004இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம் போன்றவை ஊரை முன்னாள் கைதிகளை ஏற்கப் பழக்கின. அவர்களின் மரபணு அந்த இருபது ஆண்டுகளில் மாறியிருக்க வாய்ப்பில்லை. வேலை கிடைத்தது, வாசலில் காத்திருக்க யாரோ இருந்தார்கள்.

தேக்காவில் கடையோ உணவகமோ நடத்தும் வாசகர்கள் பலர் உண்டு. சிறை சென்று வந்தவரை வேலைக்கு எடுத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், அது நன்றாக முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும், எங்களுக்கு எழுதுங்கள். அப்பாவோ அண்ணனோ உள்ளே இருந்த காலத்தில் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைகளும் எழுதலாம். உங்கள் பெயரை வெளியிட மாட்டோம். அடுத்த இரண்டு இதழ்களில் அந்தக் கடிதங்களுக்காகப் பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்